நாடாவுக்கு வெளியே

புல் மெத்தென்று இருந்தது. “செத்தே! எழுந்து போய் வெளியே குந்துடா” என்று குழுத் தலைவர் நாயக் முனிரத்தினம் முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பியதும், இருசப்பன் சிரித்துக்கொண்டே வெள்ளை நாடாவைத் தாண்டி வந்து, வேடிக்கை பார்க்கும் ஊர்க்காரர்களுக்கு நடுவே கிடைத்த இடத்தில் உட்கார்ந்தான். இரண்டு உள்ளங்கைகளையும் பின்னால் ஊன்றிக்கொண்டான். விரல்களுக்கு நடுவே புல் வந்தது. ஈரமான இளம்புல். சடுகுடுவில் செத்துப்போவதில் ஒரு சுகம் இருக்கிறது. தன் பக்கத்து ஆள் யாராவது எதிரியைத் தொட்டோ பிடித்தோ உயிர் வாங்கித் தரும்வரை ஒரு வேலையும் கிடையாது, மூச்சு வாங்கிக்கொண்டு சும்மா இருக்கலாம். இத்தாலியில் கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து அவன் சும்மா இருந்ததே இல்லை. மெட்ராஸ் சாப்பர் பட்டாளத்துக்குச் சண்டைக்கு முன்னாலும் வேலை, பின்னாலும் வேலை. உடைந்த பாலத்தைக் கட்டு, சேற்றில் கல்லைக் கொட்டிச் சாலையாக்கு, ஜெர்மன்காரன் பின்வாங்கும்போது மண்ணுக்குள் புதைத்துவிட்டுப் போன மைனை, கண்ணிவெடியை, தேடி எடு. இன்று ஞாயிற்றுக்கிழமை. கேப்டன் டவுனுக்குப் போயிருந்தார். போன வாரம் பக்கத்து முகாம் வெள்ளைக்காரர்கள் இந்த ஊருக்குக் கிரிக்கெட் ஆடிக் காட்டினார்கள். ஊரில் பாதிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். “நம்ம ஆட்டத்தக் காட்டுவோம்டா. மட்டையும் வேணாம், பந்தும் வேணாம், தம் இருந்தா போதும்” என்று முனிரத்தினம் வீடு வீடாகப் போய்க் கையாலும் காலாலும் பேசி ஆள் சேர்த்திருந்தார். அவர் முதலில் பாடிப் போனபோது, பட்டாளத்துக்குத் துணி துவைக்கும் அசுந்தா நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். வெறுங்காலோடு குனிந்து, கையை வீசிக்கொண்டு, மூச்சு விடாமல் ஒன்றையே சொல்லிக்கொண்டு வரும் ஆளைப் பார்த்தால் பேய் பிடித்தவன் என்றுதானே தோன்றும். இப்போது அவள் கை தட்டுகிறாள். இருசப்பனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் மகள் நெல்லா. அந்தப் பக்கம், செருப்புத் தைக்கும் பெப்பே கிழவர் வீட்டிலிருந்து தூக்கி வந்த முக்காலியில் சாய்ந்து சாய்ந்து ஆடிக்கொண்டிருக்கிறார். முனிரத்தினம் மறுபடி பாடி வந்தார். வெறும் சடுகுடு அவருக்குப் போதாது, ஒவ்வொரு தடவையும் ஒருவனைக் கிண்டல் பண்ணி ஒரு அடி கட்டிவிடுவார். “லாசர் காது முறக்காது, சொன்னா மட்டும் கேக்காது, கேக்காது கேக்காது கேக்காது...” அவருடைய கட்சியிலேயே நிற்கும் லாசர் தன் பெரிய காதைப் பிடித்துக்கொண்டு, “போங்கண்ணா, இங்கயுமா?” என்றான். ஊர்க்காரர்களுக்கு ஒன்றும் புரியாமலே சிரிப்பு வந்தது. இருசப்பனும் சிரித்தான். சிரித்தபோது முழங்கை எரிந்தது.

முழங்கை ஏன் எரிகிறது? திருப்பிப் பார்த்தான். கோடு கோடாகக் கீறல், சிலதில் ரத்தம் காய்ந்திருந்தது. ஆமாம், காலையில் பட்டது. மக்காச்சோளம் அறுத்த கட்டை. இந்த வயலை லாசரும் அவனும்தான் காலையில் பார்த்தார்கள். வயிற்றைத் தரையில் அழுத்திப் படுத்து, முழங்கையால் நகர்ந்து நகர்ந்து, துப்பாக்கி முனையில் செருகுகிற கத்தியைச் சாய்த்து மண்ணுக்குள் இறக்கி, எடுத்து, ஒரு கை அகலம் தள்ளி மறுபடி இறக்கி. அப்படித்தான் பார்க்க வேண்டும். இரும்பு மைன் என்றால் உலோகம் தேடும் கருவி கீச்சென்று கத்திக் காட்டிக்கொடுக்கும். ஜெர்மன்காரன் மரப்பெட்டியில் மைன் செய்கிறான். செருப்புப் பெட்டியை விடச் சின்னது. மூடிமேல் கால் பட்டால் கால் போகும். மரத்துக்குக் கருவி கத்தாது, கத்தி முனைக்குத்தான் தெரியும். பார்த்த இடமெல்லாம் அறுத்த சோளக்கட்டை, ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டு, முழங்கையைப் பிறாண்டி எடுத்துவிட்டது. லாசர்கூட, “இதுல எப்புட்றா வெறுங்கால்ல ஆட்றது, ஆட்டம் முடியறதுக்குள்ள எல்லார் காலும் சல்லடை ஆயிடும்” என்றான். சல்லடை. இருசப்பனின் கை புல்லின்மேல் அப்படியே நின்றது. சோளக்கட்டை எங்கே? நாங்கள் பார்த்த இடத்தில் புல்லே இல்லையே. கையைத் தூக்க நினைத்தான், தூக்கவில்லை. மெதுவாகத் தலையை மட்டும் திருப்பினான். அவசரப்படாதே, ஒவ்வொன்றாகப் பார். வயலின் நடுவே மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் கல்தொட்டி இருக்கிறது. தொட்டியில் ஒரு இரும்பு வளையம். பார்த்து முடித்த இடத்தைச் சுற்றி வெள்ளை நாடா கட்டுவது பட்டாளத்து வழக்கம். நாடாவுக்கு உள்ளே சுத்தம், வெளியே காலை வைக்காதே. அந்த நாடாவின் மேற்கு முனையை இதே கையால் அந்த வளையத்தில்தான் கட்டினான். அதாவது தொட்டிதான் எல்லை. தொட்டிக்குக் கிழக்கே, சாலைவரைக்கும், சோளக்கட்டை நிற்கிற அந்தத் துண்டு முழுவதும் பார்த்தது. தொட்டிக்கு மேற்கே, மல்பெரி மரங்கள்வரைக்கும், பார்க்காதது. இப்போது தொட்டி எங்கே இருக்கிறது? ஆட்டத்துக்கு அந்தப் பக்கம். தொட்டிமேல் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். ஆட்டம் தொட்டிக்கு மேற்கே நடக்கிறது. நாடா மேற்கே வந்திருக்கிறது. அது நடந்து வந்திருக்காது. முனிரத்தினம் அண்ணாதான். யாரும் சொல்லவே வேண்டாம், பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி அவனுக்குத் தெரிந்தது. அண்ணா வந்திருக்கிறார், நாடாவைப் பார்த்திருக்கிறார், அட, பசங்க ஆட்டத்துக்குக் கோடு போட்டு வச்சிருக்கானுங்க, ஆனா கூறில்லாத பசங்க, முள்ளு மாதிரி கட்டை நிக்கற எடத்துல போட்டிருக்கானுங்க என்று நினைத்திருக்கிறார். அவிழ்த்து, பக்கத்தில் மெத்தென்று புல் இருக்கும் இடத்துக்கு மாற்றிக் கட்டிவிட்டார். வயல் முழுக்கப் பார்த்தாகிவிட்டது என்று அவருக்கு நினைப்பு. ஆட்டத்துக்கும் அதே நாடா, வேலைக்கும் அதே நாடா. இவன் அங்கே நின்றிருந்தால் சொல்லியிருப்பான். பார்த்து முடித்த இடத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும் என்பதுதான் சட்டம். சமையல்கூடத்திலிருந்து சோறு வடிக்கும் வாசனை வந்தது. எத்தனையோ நாள் பிஸ்கோத்துக்குப் பிறகு சோறு. லாசரும் அவனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, இரண்டு பேருமே நடந்துவிட்டார்கள்.

ஒருவேளை தப்பாக நினைக்கிறேனோ என்று மறுபடி தொட்டியைப் பார்த்தான். தொட்டி இடம் மாறவில்லை. ஒருவேளை அண்ணா வேறு யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல்லியிருப்பாரோ. பார்த்திருந்தால் மண்ணில் கத்தி இறங்கிய பொத்தல் இருக்க வேண்டுமே. விரலால் புல்லை விலக்கினான். மண் பாலாடை மாதிரி மூடிக் கிடந்தது, ஒரு பொத்தலும் இல்லை. விரலை எடுத்துக்கொண்டான். ஆனால் இவ்வளவு நேரமாக ஆடுகிறார்களே. இத்தனை பேர் ஓடி, குதித்து, ஒருவன்மேல் ஒருவன் விழுந்து புரண்டிருக்கிறார்களே. இருந்தால் வெடித்திருக்காதா? வெடிக்காததால் இல்லை. இல்லாததால்தான் வெடிக்கவில்லை. ஒரு நிமிடம் நெஞ்சு லேசாயிற்று. பிறகு, அவர்கள் மிதிக்காத ஒரே ஒரு முழத்தில் இருந்தால் என்ற நினைப்பு வந்தது. அது எங்கே? எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இவன் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு அடியிலேயே இருக்கலாம். அப்புறம் பெப்பேயின் முக்காலி கண்ணில் பட்டது. மனிதர் நல்ல கனம். முன்னால் சாய்கிறார், பின்னால் சாய்கிறார். மூன்று கால்களும் மாறி மாறி மண்ணுக்குள் இறங்கி ஏறுகின்றன. கத்தியைச் சாய்த்து இறக்க வேண்டும், நேராக இறக்கினால் மூடிமேல் குத்திவிடும் என்று பயிற்சியில் சொல்லிச் சொல்லி அடித்தார்கள். முக்காலியின் கால் நேராக இறங்குகிறது. கிழவரே, ஆடாதீர்கள். என்ன மொழியில் சொல்வது? ரொட்டி, தண்ணீர், நன்றி, அழகான பெண். அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த இத்தாலி மொழி. இன்னொன்றும் தெரியும். மைன். அவர்கள் மொழியிலும் ஏறக்குறைய அதே சொல். ஊரில் பேசத் தெரிந்த எல்லாக் குழந்தைக்கும் அந்தச் சொல் தெரியும். அதை இங்கே சொல்லக் கூடாது. அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவன் பார்த்திருக்கிறான். போன ஊரில் ஒரு பெண் கன்றுக்குட்டியைத் தேடிக்கொண்டு, மைன் இருக்கிற இடத்தைச் சுற்றிக் கட்டிய கம்பிக்குள்ளே போய்விட்டாள். பட்டாளத்துத் தேவசகாயம்தான் பார்த்தான், பார்த்ததும் அந்தச் சொல்லைக் கத்தினான். நல்ல எண்ணத்தோடுதான் கத்தினான். அவள் நின்றிருந்தால் வந்த வழியே கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அவள் ஓடினாள். பயந்தவர்கள் நிற்க மாட்டார்கள், ஓடுவார்கள். இங்கே எழுந்து ஒருவர் ஓடினால் அத்தனை பேரும் ஓடுவார்கள், மரங்களைப் பார்த்து ஓடுவார்கள், பிள்ளையைத் தேடி ஓடுவார்கள். தமிழில் கத்தினால்? இவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பயம் தெரியும், குரலிலேயே தெரிந்துவிடும். அவன் அப்பா கிணறு வெட்டுகிறவர். பாறையில் துளை போட்டு மருந்து கெட்டித்துத் திரியைப் பற்றவைத்துவிட்டு, மேலே ஏறி வந்து, “வேட்டேய்! வேட்டேய்!” என்று கூவுவார். கழனியில் இருக்கிறவர்கள் ஓடிப்போய் மரத்துக்குப் பின்னால் நிற்பார்கள். வெடித்தால் கை தட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். சில சமயம் வெடிக்காது. ஊமை வேட்டு என்பார்கள். திரி அணைந்து போயிருக்கலாம், உள்ளே எங்கேயோ கனிந்துகொண்டும் இருக்கலாம். அப்பா கிணற்று மேட்டில் குந்தி, பீடியைப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டு, கீழே பார்த்தபடி இருப்பார். யாரும் பேச மாட்டார்கள். அந்த அமைதிதான் இருசப்பனுக்குச் சின்ன வயதில் வேட்டுச் சத்தத்தை விடப் பெரிய பயம். இப்போது சுற்றிலும் ஒரே கைத்தட்டல், சிரிப்பு. ஆனால் அவனுக்குக் காதில் விழுவது அந்த அமைதிதான். புல்லுக்கு அடியிலிருந்து வருகிறது.

நெல்லா அம்மா மடியிலிருந்து வழுக்கி இறங்கினாள். இறங்கி, இருசப்பனைப் பார்த்துச் சிரித்து, அவன் மாதிரியே குனிந்து கையை வீசி, “ஸாது கூது, ஸாது கூது” என்று ஒரு எட்டு வைத்தாள். இன்னொரு எட்டு. அவன் கையை நீட்டி அவள் பாவாடையைப் பிடித்தான். கொஞ்சம் அழுத்திப் பிடித்துவிட்டான் போல, அசுந்தா திரும்பிப் பார்த்தாள். அவன் சிரித்தான். உதட்டை இழுத்து வைத்துக்கொண்டான், அவ்வளவுதான். குழந்தையைத் தூக்கி மறுபடி மடியில் வைத்து, மடியைத் தட்டிக் காட்டினான், இங்கேயே, இங்கேயே. அசுந்தா ஏதோ சொல்லிவிட்டு அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சலா என்று கேட்கிறாள். நெற்றி முழுக்க வியர்வை, குளிர்ந்த வியர்வை. இல்லையென்று தலையை ஆட்டினான். நாடாவுக்கு உள்ளே ஒரே ஆரவாரம். பாடி வந்த எவனையோ அவன் கட்சிக்காரர்கள் மடக்கிப் பிடித்துவிட்டார்கள். “இருசா! உசுரு வந்துடுச்சு, வாடா உள்ள! பாட்டு உனுது!” என்று கூப்பிட்டார்கள். எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்க வேண்டுமானால் காலை ஊன்ற வேண்டும். வந்தபோது எங்கே மிதித்தேன்? சிரித்துக்கொண்டு வந்தவன் எங்கே மிதித்தான் என்று யாருக்குத் தெரியும். புல் கொஞ்சம் மடங்கி இருந்த இடமாகப் பார்த்து வலது காலை வைத்தான். வெறுங்கால். கால்விரல் ஒவ்வொன்றும் தனித்தனியாக மண்ணைத் தொடுவது தெரிந்தது. பிறகு இடது கால். நாடாவைத் தாண்டினான். “இன்னாடா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி நடக்கறே?” என்று முனிரத்தினம் எதிர்ப்பக்கத்திலிருந்து கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். தன் கட்சிக்காரன் காதில் சொல்லிவிடலாமா? சொன்னால் அவன், இன்னாது என்று உரக்கக் கேட்பான், கேட்டுவிட்டுக் காலடியைக் குனிந்து பார்ப்பான், அதைப் பார்த்து இன்னொருவன், அதைப் பார்த்து ஊர். ஒரே மூச்சில் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும், சொல்லும்போது ஆட்டம் நிற்கக் கூடாது. நடுக்கோட்டில் நின்றான். மூச்சை இழுத்தான், நெஞ்சில் பாதிக்கு மேல் இறங்க மறுத்தது. இன்னொரு தடவை இழுத்தான். சடுகுடு சடுகுடு சடுகுடு என்று குனிந்து உள்ளே போனான். குரல் அவனுடையது மாதிரி இல்லை. சடுகுடு சடுகுடு, அப்புறம் அதே தாளத்தில், அதே இழுப்பில், “நாடா மாறிப் போச்சு, நாடா மாறிப் போச்சு, தொட்டிக்கு அந்தாண்ட பாத்தாச்சு, தொட்டிக்கு இந்தாண்ட பாக்கலே, பாக்கலே பாக்கலே பாக்கலே...”

எதிர்க்கட்சி சிரித்தது. இருசப்பனும் அடி கட்டிவிட்டான் என்று ஒருவன் தொடையைத் தட்டினான். ஊர்க்காரர்கள் தாளம் போட்டார்கள். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. லாசர். காலையில் கூடவே படுத்து நகர்ந்தவன். அவன் வலது காலைத் தூக்கியிருந்தான், பாய்வதற்காக. தூக்கிய காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றான், கண் மட்டும் தொட்டிக்குப் போய், புல்லுக்கு வந்து, இருசப்பன் முகத்துக்கு வந்தது. லாசரின் முகம் வெளுத்துவிட்டது. கால், கால், கீழே வை, அவர்கள் பார்க்கிறார்கள் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது, ஆனால் மூச்சு மிச்சமில்லை, இருக்கிற மூச்சு பாட்டுக்கு வேண்டும். பாக்கலே பாக்கலே. அப்போது முனிரத்தினம் பாய்ந்தார். கணுக்காலைப் பிடித்து இழுத்தார். இருசப்பன் விழுந்தான். விழ ரொம்ப நேரம் ஆயிற்று. மார்பு முதலில், பிறகு வயிறு, பிறகு கன்னம். அவனுக்கு மேலே முனிரத்தினத்தின் முழுக் கனம். ஒன்றும் ஆகவில்லை. புல் வாயில் புகுந்தது. காது மண்ணில் அழுந்திக் கிடந்தது, உள்ளேயிருந்து ஏதோ டக் டக்கென்று கேட்டது, அது தன் நெஞ்சுதான் என்று தெரிய ஒரு கணம் ஆயிற்று. இன்னும் இரண்டு பேர் மேலே விழ ஓடி வருவது மண்வழியே கேட்டது. தலையைத் திருப்பி முனிரத்தினத்தின் காதுக்குள், மூச்சின் அடியில் ஒட்டியிருந்ததை எல்லாம் வழித்து, “தொட்டிக்கு இந்தாண்ட பாக்கலேண்ணா, பாக்கலே, வளையத்துல கட்டினதே நான்தாண்ணா, பாக்கலே...” என்றான். கணுக்காலில் இருந்த பிடி முதலில் இறுகியது. பிறகு தளர்ந்தது. முனிரத்தினம் ஒரு கையை உயர்த்தி, ஓடி வந்த இருவரையும் நிறுத்தினார். அவ்வளவு பக்கத்தில் இருசப்பன் அவரைப் பார்த்ததே இல்லை. மீசையில் இரண்டு நரை. “நெசமாடா?” என்றார், உதடு அசையாமல். “நெசம்ணா.” அவர் கண்ணை மூடித் திறந்தார். எழுந்து, இருசப்பனின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, ஊர்க்காரர்களைப் பார்த்து இரண்டு கையையும் விரித்துப் பெரிதாகச் சிரித்தார். பயில்வான் மாதிரி மார்பைத் தட்டினார். அவர்கள் ஆர்ப்பரித்தார்கள். பிறகு நடுக்கோட்டுக்கு வந்து, யாரைப் பார்த்தும் இல்லாமல், நன்றாக மூச்சை இழுத்து, வழக்கமான அந்த நீட்டி முழக்குகிற குரலில் பாட ஆரம்பித்தார். “ஓடாதே ஓடாதே, எவனும் ஓடாதே, சிரிச்ச மொகம் மாத்தாதே, ஆளுக்கு ஒண்ணு கை புடி, ஆட்டம் போல இஸ்து வா, மிதிச்ச எடத்துல மிதிச்சு வா, தொட்டிக்கு அந்தாண்ட கூட்டினு போ, கூட்டினு போ கூட்டினு போ...”

பட்டாளத்தில் உத்தரவு வந்தால் கால் சேர்த்து நிற்பார்கள். இந்த உத்தரவுக்கு ஒருவரும் அசையாமல் ஒரு நொடி நின்றார்கள், அந்த நொடியில் ஒவ்வொருவன் முகத்திலும் அது இறங்கிப் பரவுவதை இருசப்பன் பார்த்தான். பிறகு லாசர் தூக்கிய காலை, தூக்கிய இடத்திலேயே மெல்ல வைத்தான். வைத்துவிட்டு, “வாங்கம்மா, வாங்க வாங்க, ஆடலாம் வாங்க” என்று தமிழிலேயே கூப்பிட்டுக்கொண்டு, மேற்கு ஓரத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் கையை நீட்டினான். அவள் வெட்கப்பட்டு, பிறகு வந்தாள். பிள்ளைகளைக் கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. ஆட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்ததும் நாடாவுக்குள் ஓடி வந்தார்கள். ஓடி. இருசப்பன் வந்ததை வந்தபடி இடுப்பில் தூக்கினான், ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். நெல்லாவைத் தோளில் ஏற்றிக்கொண்டான். அசுந்தா பின்னாலேயே வந்தாள், அவன் காலடி பார்த்து வைப்பதை அவளும் ஒரு ஆட்டம் என்று நினைத்து அதே மாதிரி கால் தூக்கி வைத்து வந்தாள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சங்கிலியாக, தொட்டியைத் தாண்டி, சோளக்கட்டைக்குள். கட்டை உள்ளங்காலில் குத்தியது. குத்தக் குத்த அவனுக்கு உயிர் வந்தது. இதோ நான் பார்த்த மண், இது குத்தும், ஆனால் கொல்லாது. குழந்தைகளை இறக்கிவிட்டுத் திரும்பினான். எல்லாரும் வந்துவிட்டார்களா? பெப்பே கிழவர் வரவில்லை. முக்காலியில் உட்கார்ந்தபடி கையை ஆட்டினார், எனக்கு வேண்டாம், நீங்கள் ஆடுங்கள், நான் கிழவன். சிரித்துக்கொண்டே பின்னால் சாய்ந்தார். முக்காலியின் முன்கால் மண்ணை விட்டு எழுந்தது. பிறகு இறங்கியது. முனிரத்தினம் அவரிடம் போய்க் குனிந்து சலாம் போட்டார். கிழவர் தலையை ஆட்டினார். முனிரத்தினம் கெஞ்சினார். கிழவர் திரும்பவும் தலையை ஆட்டினார். மறுபடி சாய்ந்தார். அப்போது லாசர் பின்பக்கமாக வந்து, இந்தப் பக்கம் முனிரத்தினம், அந்தப் பக்கம் அவன், முக்காலியோடு கிழவரை அப்படியே நேராக மேலே தூக்கினார்கள், மாப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி. ஊரே கை கொட்டிச் சிரித்தது. கிழவர் முதலில் திட்டினார், பிறகு தொப்பியைக் கழற்றி ராஜா மாதிரி ஆட்டினார். அவரைத் தூக்கி வரும் நான்கு கால்களை மட்டும் இருசப்பன் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கால், இன்னொரு கால். லாசர் கால், அண்ணா கால். யார் காலோ தன் நெஞ்சின்மேல் வைத்து வைத்து எடுக்கிற மாதிரி இருந்தது. தொட்டியைத் தாண்டியதும் முனிரத்தினம் கிழவரை இறக்கிவிட்டு, தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, யாரும் பார்க்காதபடி முகத்தைத் திருப்பி வாந்தி எடுத்தார்.

ஊர்க்காரர்களைச் சாலைக்கு அனுப்பியாயிற்று. சாலையில் ஆள் நிறுத்தியாயிற்று. நாடா மறுபடி தொட்டி வளையத்துக்கு வந்தது. முனிரத்தினம் இருசப்பனைத் திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. பூட்ஸை மாட்டிக்கொண்டு, கத்தியை எடுத்துக்கொண்டு, அவரே முதல் ஆளாகப் புல்லில் படுத்தார். அவருக்கு இந்தப் பக்கம் இருசப்பன், அந்தப் பக்கம் லாசர். சாய்த்து இறக்கு, எடு, ஒரு கை அகலம் தள்ளு. மெத்தென்ற புல்லில் முழங்கை வலிக்கவில்லை, அதனாலேயே பயமாக இருந்தது. கத்தி வெண்ணெயில் போகிற மாதிரி போகிறது. அசுந்தா உட்கார்ந்த இடம் ஒன்றுமில்லை. அவன் உட்கார்ந்த இடம் ஒன்றுமில்லை. அப்படியானால் ஊரையே தூக்கிக்கொண்டு ஓடியதெல்லாம் சும்மாவா? சும்மாவாகவே இருக்கட்டும், கடவுளே, நாளைக்குப் பட்டாளம் முழுக்க என்னைக் கிண்டல் பண்ணட்டும், அண்ணா அடி கட்டிப் பாடட்டும். பக்கத்தில் முனிரத்தினத்தின் கத்தி நின்றது. அவர் எடுக்கவில்லை, நகர்த்தவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்துவிட்டு இடது கையை மெல்ல உயர்த்தினார். கண்டால் கையை உயர்த்த வேண்டும். நடுக்கோட்டிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. கணுக்காலைப் பிடித்து இழுத்தபோது இருசப்பனின் கன்னம் அழுந்திய இடத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு கை வைக்கலாம். அவர் விரலால் மண்ணைச் சுரண்டச் சுரண்ட, மழையில் ஊறி ஊதி இறுகிப்போன மரப்பலகை வெளியே வந்தது, பெட்டியின் மூடி. அதன் ஓரத்தில் இன்னும் ஒட்டியிருந்த மண்ணில் ஒரு வெறுங்காலின் குதிகால் தடம் பாதி விழுந்திருந்தது. யாருடையது என்று சொல்ல முடியாது. முனிரத்தினம் அதைப் பார்த்தபடியே, “ஒண்ணு வச்சவன் ஒண்ணோட நிறுத்த மாட்டான். பாருடா, ஓரம் வரிக்கும் பாரு” என்றார். இருசப்பன் தன் பக்கம் திரும்பினான். சாய்த்து இறக்கு. எடு. அப்போதுதான் சாலைப் பக்கத்திலிருந்து அது கேட்டது. முதலில் ஒரு குழந்தைக் குரல், பிறகு நாலைந்து. மாதா கோயில் வாசல் கல்தரையில் ஆட்டம் தொடங்கிவிட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நடுவில் கரியால் கோடு கிழித்திருப்பார்கள். ஸாது கூது, ஸாது கூது, அதற்குப் பிறகு, தாளம் தப்பாமல், “தொத்திக்கு இந்தாந்த பாக்கலே, பாக்கலே, பாக்கலே...” நெல்லாவின் குரல். ஆட்டத்துக்குச் சொல்லவேண்டிய சொல் அதுதான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். இந்த ஊரில் இனிமேல் அப்படித்தான் ஆடுவார்கள். அவன் கத்தி மண்ணில் பாதி இறங்கி நின்றது. பாக்கலே பாக்கலே பாக்கலே என்று அந்தக் குரல் ஓடிற்று, மெலிந்தது, மூச்சு தீர்ந்து நின்றது. குரல் நின்றதும் அவன் கையும் நின்றது. கல்தரைதானே, அங்கே ஒன்றும் இல்லை, அவளுக்கு மூச்சு முடிந்துவிட்டது, அவ்வளவுதான், அவ்வளவுதான் என்று தனக்கே சொன்னான். கை கேட்கவில்லை. அடுத்த குழந்தை மூச்சை இழுத்து மறுபடி ஆரம்பிக்கும் வரைக்கும், அவன் கன்னத்தை மண்ணில் வைத்து, கத்தியைப் பிடித்தபடி, அசையாமல் கிடந்தான்.